பூண்டு, மஞ்சள், மிளகு

கடலூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவையாகச் சேர்ந்திருந்தபோதுதான் டாக்டர் மாலதி பவானியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வீட்ல என்னம்மா தொழில்?”

“கோழிப்பண்ணை மேடம். கறிக்கோழி. குறிஞ்சிப்பாடிக்கு இந்தாண்ட.”

டாக்டர் கையிலிருந்த காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். பவானியின் சிறுநீரை எடுத்து, அதிலிருந்த கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்து லேப்பில் கொடுத்த ரிப்போர்ட். பதினாறு மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் ஆங்கில எழுத்து. பவானி பத்தாவது வரை படித்தவள். பதினான்கு இடத்தில் ‘ஆர்’ என்று இருந்ததை அவளே எண்ணிவிட்டாள்.

“ஆர் போட்டிருந்தா, அந்த மருந்து உன் கிருமிய ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம். மீதி ரெண்டு இருக்கு. ஒண்ணு இப்ப போட்டுக்கிட்டிருக்கிற ஊசி. இன்னொண்ணு கிட்னிய கெடுத்துடும், அதத் தொடாம இருக்கத்தான் பாக்கறோம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “கோழிக்கு மருந்து கலக்கறது யாரு?”

“நான்தான்.”

ஒன்பது வருஷமாக அவள்தான். குஞ்சு இறக்கிய முதல் மூன்று நாளும், அப்புறம் தும்மல் கேட்டால் ஐந்து நாளும், மழைக்காலத்தில் எதற்கும் இருக்கட்டும் என்றும், கம்பெனி சூப்பர்வைசர் கொடுக்கும் மருந்துத்தூள் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து, பக்கெட் தண்ணீரில் கொட்டி, முழங்கை வரை விட்டுக் கலக்கித் தொட்டியில் ஊற்றுவாள். பிறகு அதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போவாள். யாரும் அவளுக்கு வேறு மாதிரி சொல்லித் தரவில்லை.

“அப்ப கோழிகிட்டேருந்துதான் வந்துச்சா மேடம்?”

“வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வரலன்னும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்க நம்மகிட்ட வழி இல்ல. ஆனா இனிமே அந்தத் தூளத் தொடாத.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பவானி அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து ஓர் அம்மா படுத்திருந்தார். அவருக்குத் துணையாக இருந்த மகள் ஜான்சி சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. முப்பது வயசிருக்கும். அவர்கள் தெருவில் முதன்முதலாக எம்.எஸ்சி. முடித்தவள் அவள்தானாம். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்து, தானாகவே பவானியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, தப்பா நெனக்காதீங்க, காதுல விழுந்துச்சு. நான் கோழித் தீவனத்துலதான் ஆராய்ச்சி பண்றேன். மருந்துக்குப் பதிலா பூண்டு, மஞ்சள், மிளகு கலந்து குடுத்தா என்ன ஆவுதுன்னு.”

“கோழிக்கு ரசம் வக்கிறியா?”

ஜான்சி சிரித்தாள். எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள் என்றாள். நூற்றெண்பது கோழியை வைத்து ஒருமுறை செய்து பார்த்துவிட்டாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது காலேஜ் ஷெட். ஃபேன் உண்டு, தரை சுத்தம், ஒரு கோழி தும்மினாலும் நாலு பேர் வந்து பார்ப்பார்கள். நிஜப் பண்ணையில், நிஜமான புழுக்கத்திலும் ஈரத்திலும் செய்து பார்த்தால்தான் மதிப்பு. இரண்டு பண்ணைக்காரர்களிடம் கேட்டாள். இரண்டு பேரும் முடியாது என்றுவிட்டார்கள்.

“எங்க ஷெட்டுல பண்ணு,” என்றாள் பவானி.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் புருஷன் இளவரசுவை நினைத்தாள்.

*

இளவரசு அவளுக்குத் தாய்மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பண்ருட்டியில் பலாப்பழ லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், முதுகு போனதும் திரும்பி வந்து இந்த ஷெட்டைக் கட்டினான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. இடமும் உழைப்பும் இவர்களுடையது. கம்பெனித் தீவனத்தில் ஒரு கைப்பிடி மஞ்சள் போட்டால்கூட ஒப்பந்தத்தை மீறின மாதிரி. ஆகவே பவானி கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்றாலும் அது சின்ன விஷயமில்லை. கம்பெனியை விடவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் கேட்டாள். அவன் இட்லியைப் பிட்டபடியே இருந்தான்.

“கம்பெனிய விட்டா குஞ்சு செத்தா நம்ம குஞ்சு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அந்தப் பொண்ணு படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிக்கினு போயிடும். நாம?”

பவானி ரிப்போர்ட்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரே எழுத்து வரிசையாக அத்தனை இடத்தில் இருப்பது தெரிந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினான்.

“ரெண்டு பேட்ச். ரெண்டு பேட்ச் பாப்போம்,” என்றான்.

கம்பெனி சூப்பர்வைசர் ராபர்ட் அவனோடு குறிஞ்சிப்பாடி ஸ்கூலில் படித்தவன். சேதி கேட்டதும் பைக்கில் வந்தான்.

“மச்சான், உனுக்குப் பைத்தியமா? பூண்டப் போட்டுக் கோழி வளக்கணும்னா கம்பெனிக்காரன் போட மாட்டானா? அவனுக்கு இல்லாத ஆராய்ச்சியா?”

பவானிதான் வெளியே வந்து சொன்னாள்.

“உடம்பு என்னுதுண்ணே.”

ராபர்ட் காபி குடித்துவிட்டுப் போனான்.

*

மே கடைசியில் ஐம்பது கிலோ பூண்டு வந்து இறங்கியது. உரித்து, நசுக்கி, மாடியில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டார்கள். நாலு நாளைக்கு அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன சமைத்தாலும் பூண்டு வாசம்தான். உரித்து உரித்துப் பவானியின் விரல் நுனியெல்லாம் எரிந்தது. மாவு மில் அமிர்தம், “இத அரைச்சா அப்பறம் எவளும் எங்கிட்ட இட்லிப் பொடி அரைக்க வரமாட்டா” என்று முதலில் திருப்பி அனுப்பினாள். பிறகு சனிக்கிழமை சாயங்காலம், மிளகாய்த்தூள் எல்லாம் அரைத்து முடித்த பிறகு வரச் சொன்னாள்.

நூறு கிலோ தீவனத்துக்குப் பூண்டுத்தூள் அரை கிலோ, மஞ்சள் அரை கிலோ, மிளகு கால் கிலோ. மக்காச்சோளமும் சோயாவும் மருந்து சேர்க்காமல் அரைத்துத் தர ஒரு தீவன மில்லைப் பிடித்திருந்தாள் ஜான்சி. ஷெட்டை நடுவில் கம்பிவலை அடித்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஆயிரம் குஞ்சுக்கு வெறும் தீவனம். இன்னொரு பக்கம் ஆயிரத்துக்கு மசாலா போட்டது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்புச் சொட்டு மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. வேறு எந்த மருந்தும் எந்தப் பக்கமும் கிடையாது.

“கொஞ்சம் கீழாநெல்லியும் சேத்தா என்னா? வரப்புல கெடக்குது,” என்று கேட்டாள் பவானி.

“வேணாங்கா. நாலாவதா ஒண்ணு சேத்தா, எது வேல செஞ்சுதுன்னு சொல்ல முடியாது.”

அந்தப் பதில் பவானிக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாக ராபர்ட் கொடுத்த எந்தப் பாக்கெட்டுக்கும் யாரும் காரணம் சொன்னதில்லை.

முதல் நாள் மசாலாத் தீவனத்தைக் குஞ்சுகள் கொத்திவிட்டுத் தலையை உதறின. இரண்டாம் நாள் தின்றன. ஒரு வாரத்தில் தட்டை வைக்கும்போதே மேலே ஏறி விழுந்தன. ஜான்சி வாரம் இரண்டு நாள் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். பக்கத்துக்கு ஐம்பது கோழியைப் பிடித்துத் தராசில் வைத்து எழுதுவாள். பவானி கோழியின் காலைப் பிடித்துக்கொண்டு எடையைச் சொல்லுவாள். முப்பத்தெட்டாம் நாள் வெறும் தீவனப் பக்கம் சராசரி ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம். மசாலாப் பக்கம் அதைவிட எழுபது கிராம் அதிகம். சாவு இரண்டு பக்கமும் சேர்த்து அறுபதுதான்.

“பாத்தியா மாமா!” என்று கத்தினாள் பவானி. இளவரசுகூடச் சிரித்தான்.

“ஒரு பேட்ச்ச வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாதுக்கா. வெயில் நல்லா இருந்துச்சு, உமி காஞ்சு கெடந்துச்சு. மழையில பாக்கணும்,” என்றாள் ஜான்சி. ஆனால் நோட்டை மூடி வைத்துவிட்டு மறுபடியும் திறந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் கறிக்கடை வைத்திருந்த சடையப்பன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். ‘மருந்தில்லாக் கோழி’ என்று பவானி எழுதி வாங்கிக் கொடுத்த போர்டைக் கடை வாசலில் மாட்டினான். ஒரு வாரம் கழித்து அது உள்ளே போய்விட்டது. “யாரும் கேக்கலமா. அதப் படிச்சிட்டு, அப்ப இவ்ளோ நாளு எங்களுக்கு மருந்துக் கோழியா குடுத்தன்னு ரெண்டு பேரு சண்டைக்கு வந்துட்டாங்க” என்றான்.

பவானிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மருந்தை விட்டதிலிருந்து அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. அதற்கும் ஷெட்டுக்கும் சம்பந்தமுண்டா என்று டாக்டரைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

*

மழைக்காலத்துக்காகக் காத்திருந்து, இரண்டாவது பேட்ச்சை நவம்பர் முதல் வாரத்தில் இறக்கினார்கள். பதினெட்டாம் நாள் மழை ஆரம்பித்தது.

முதலில் சாதாரண மழையாகத்தான் இருந்தது. பிறகு புயல் என்றார்கள். பத்து நாள் விடாமல் கொட்டியது. கரன்ட் போனது. சாரல் அடிக்காமலிருக்க ஷெட்டின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டினார்கள், காற்று நின்றது. கீழே போட்டிருந்த உமி நசநசத்துக் கட்டி பிடித்தது. உள்ளே நுழைந்தால் எச்சத்தின் நெடி கண்ணில் குத்தியது. இளவரசு ஈர உமியை அள்ளி வெளியே கொட்ட, பவானி காய்ந்த உமிக்காக மூன்று மில்லுக்கு ஆள் அனுப்பினாள். எங்கேயும் இல்லை. எல்லா மூட்டையும் நனைந்து கிடந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் மசாலாப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. பவானி அப்படியே நின்றாள். பிறகு வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. மத்தியானத்துக்குள் ஷெட் முழுக்கக் கொர்கொர் என்று இழுத்தது.

அன்று ஒன்பது செத்தன. மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் எண்பத்தாறு.

பவானி ஒன்றை அறுத்துப் பார்த்தாள். ஈரலின் மேலும் நெஞ்சின் மேலும் வெள்ளையாகத் தோல் போர்த்தியதுபோல் இருந்தது. ஜான்சிக்குப் போன் போட்டாள். ரோட்டில் தண்ணீர் போவதால் பஸ் இல்லை. “செத்ததுல ரெண்ட ஐஸ்ல வச்சு எப்படியாவது அனுப்புங்கக்கா. கிருமி என்னன்னு லேப்ல பாத்துடலாம்,” என்றாள். தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து, புவனகிரி வழியாகப் போகும் பால் வண்டியில் பவானி கொடுத்து அனுப்பினாள்.

“பூண்ட ஜாஸ்தி பண்ணட்டுமா ஜான்சி? ரெண்டு மடங்கா போடட்டுமா?”

போனில் ஜான்சி நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“போடுங்கக்கா,” என்றாள். இனி அது உதவாது என்று சொன்ன விதத்திலேயே பவானிக்குப் புரிந்துவிட்டது.

போட்டாள். தின்கிற நிலையில் இருந்தவை தின்றன. மீதி கண்ணை மூடிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன.

ஒரே நாளில் சாவு நூற்றைத் தாண்டிய அன்று இளவரசு அவளிடம் வந்தான். குழி வெட்டி வெட்டி அவன் கையெல்லாம் சேறு.

“பவானி. ஒரே ஒரு தடவ. ராபர்ட்டு தரேன்னான்.”

“வேணாம் மாமா.”

“நீ தொட வேணாம். நான் கலக்குறேன். நீ ஷெட்டுக்குள்ளயே வராத.”

“வேணாம்னா வேணாம்.”

அவன் போய்விட்டான். பவானி சுண்ணாம்பு வாங்குவதற்காக வடலூர் வரை போனாள். இரண்டு மணி வாக்கில் திரும்பி வந்து, தண்ணீர் இருக்கிறதா என்று தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தது.

இளவரசு தொட்டிக்குப் பின்னால், ஈரச் செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

“என்னால முடியல,” என்றான். “காலடியிலயே வந்து வந்து விழுது. கையில எடுத்தா வாயத் தொறந்து தொறந்து மூடுது. மருந்து இருக்குது, குடுக்காம நின்னு பாருன்னா எப்பிடிப் பாக்கறது? உனக்கு மருந்து இல்லன்னு சொன்னப்ப எப்பிடி இருந்துச்சு எனக்குத் தெரியுமா?”

பவானி அவனைத் திட்டவேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். தொட்டிப் பக்கம் திரும்பினாள். தொட்டியின் குழாயைத் திருகி அந்தத் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கலாம். விடவில்லை. மூடியை வைத்து மூடினாள். வீட்டுக்குப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். சரி, பிழைக்கட்டும் என்று நினைத்தாள். எப்படியாவது பிழைத்தால் போதும் என்று நினைத்தாள். ஆறு மாதமாக எந்தத் தூளை வாசல்படி ஏறவிடக்கூடாது என்றிருந்தாளோ, அதே தூள் வேலை செய்யவேண்டும் என்று ஷெட் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள்.

அன்று நூற்று நாற்பது செத்தன. இரண்டாம் நாளும் மருந்து கலந்தார்கள். நூற்றெழுபது. மூன்றாம் நாள் ராபர்ட் அளவைக் கூட்டச் சொன்னான், கூட்டினார்கள். இருநூற்றுப் பத்து.

மருந்தை நிறுத்திய பிறகு சாவு ஒரு நாளைக்கு முந்நூறைத் தாண்டியது. மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. படுதாவைத் தூக்கிக் கட்டியபோது ஷெட்டுக்குள் எழுநூறு கோழிகூட இல்லை. இருந்தவையும் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன.

*

ஜான்சி முதல் பஸ்ஸிலேயே வந்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்து வந்தவள், ஷெட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அப்புறம் தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

பவானிக்கு அதைப் படிக்க யாரும் தேவைப்படவில்லை. மருந்துகளின் பெயர் கொஞ்சம் வேறு. எழுத்து அதே எழுத்துதான். பன்னிரண்டு மருந்தில் பதினொன்றுக்கு நேரே ‘ஆர்’.

“எங்க வீட்டுக்காரரு தண்ணில போட்டது இதுல எது?” என்று கேட்டாள்.

ஜான்சி நிமிர்ந்தாள். “மருந்து போட்டீங்களா?”

“போட்டோம். மூணு நாளு.”

“எந்தப் பக்கம்?”

“தொட்டி ஒண்ணுதானே ஜான்சி. ரெண்டு பக்கமும்தான்.”

ஜான்சி பவானி காட்டிய காலிப் பாக்கெட்டை வாங்கிப் படித்துவிட்டு, காகிதத்தில் நாலாவது வரியில் விரலை வைத்தாள். அதற்கும் ‘ஆர்’தான். பவானி தலையாட்டினாள். கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்த மாதிரிதான் இருந்தது. இந்த ஷெட்டில் ஒன்பது வருஷமாக அந்தத் தூள் கரைந்து தரையில் ஊறியிருந்தது. உமியை மாற்றலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். உள்ளே ஊறியதை ஆறு மாதத்துப் பூண்டு எடுத்துவிடும் என்று தானும் நம்பினோமே என்று நினைத்தாள்.

இருவரும் செத்த கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வெறும் தீவனப் பக்கத்தில் எழுநூற்றுப் பத்து. மசாலாப் பக்கத்தில் அறுநூற்றுப் பத்து. ஜான்சி அந்த இரண்டு எண்ணையும் கட்டை விரலால் தேய்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நூறு வித்தியாசம். மசாலாப் பக்கம் நூறு கொறவா செத்திருக்குது.”

“அது நல்லதா?”

“மருந்து போடாம இருந்திருந்தா, எழுதக்கூடிய விஷயம். இப்ப எதனால எதுன்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“எழுதியிருப்பேன். எனக்குத் தெரியாதே.”

பவானி அவளையே பார்த்தாள். ஜான்சியும் பார்வையை எடுக்கவில்லை. இப்போதுகூட எழுதிவிடலாம் என்பது இருவருக்கும் தெரிந்தது. மருந்து கலந்தது தெரிந்த மற்றவர்கள் பவானி, இளவரசு, ராபர்ட் என்று மூன்றே பேர்; மூன்று பேரும் எங்கேயும் சொல்லப்போவதில்லை. அந்த நோட்டில் ஒரு வரியை விட்டுவிட்டால் ஜான்சி டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம். உதவித்தொகை மார்ச்சோடு நிற்கிறது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

“நீ எழுதிக்கோ. நான் கேக்க மாட்டேன்,” என்றாள் பவானி.

ஜான்சி பேனாவைத் திறந்தாள். தேதியைப் போட்டாள். ‘இருபத்து நான்காம் நாள், தண்ணீரில் மருந்து கலக்கப்பட்டது, இரு பிரிவுக்கும்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பவானி அவள் முதுகில் கை வைக்கப் போனாள். அன்று காலையிலிருந்து செத்த கோழியை அள்ளிய கை. வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது ஜான்சி தன் தராசைக் கொண்டுபோகவில்லை. அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வரவில்லை. ஆய்வை மறுபடியும் முதலிலிருந்து செய்யும்படி அவளுடைய கைடு சொன்னாராம். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு சரியாகக் கூடவில்லை, எழுந்து நடக்கமாட்டார். ஜனவரியில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ஸ்கூலில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிர்கள் பாடம் நடத்துகிறாளாம். பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றாள்.

*

மிஞ்சிய கோழிகளைச் சடையப்பன்கூட எடுக்கவில்லை. ஷெட் காலியாகக் கிடந்தது. இளவரசு தரையைச் சுரண்டி, கொளுத்தி, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தான். பண்ருட்டிக்குப் போய் மறுபடியும் லோடு ஏற்றக் கேட்டுப் பார்த்தான். நாற்பத்தேழு வயசில் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவனை அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பொங்கல் கழித்து பவானிக்குக் குளிர் எடுத்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. இடது விலாவுக்குக் கீழே யாரோ கல்லை வைத்து அழுத்துவதுபோல் வலி. இது என்ன என்று அவளுக்கு இப்போது தெரியும். தானே துணிப்பையை எடுத்துப் புடவை, டம்ளர், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினாள். இளவரசு ஆட்டோ பிடித்தான்.

இந்தத் தடவை ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆனது. டாக்டர் மாலதி கட்டிலுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்ததும் பவானி புரிந்துகொண்டாள்.

“போன தடவ போட்ட ஊசி?” என்று அவளே கேட்டாள்.

“அதுவும் ஆர்தாம்மா.”

“இன்னொண்ணு இருக்குதுன்னீங்க. கிட்னி…”

“அத இன்னிக்கு ஆரம்பிக்கறோம். தெனமும் ரத்தம் எடுத்துப் பாப்போம். கிட்னி தாங்குதான்னு பாத்துப் பாத்துத்தான் குடுக்கணும்.”

“தாங்கலன்னா?”

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்ப்பதுபோல் இருந்தது, ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“மருந்தே கலக்காம ஆறு மாசம் இருந்தேன் மேடம். கையால கூட தொடல.”

“நல்லதும்மா. நல்ல காரியம்தான் பண்ணியிருக்க,” என்றார் டாக்டர். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்.

ஊசி ஏறத் தொடங்கிய இரண்டாம் நாள் கால் வீங்கியது. மூன்றாம் நாள் சிறுநீர் பாதியாகக் குறைந்தது. அளவைக் குறைத்தார்கள். காய்ச்சல் மறுபடி ஏறியது. கூட்டினார்கள். பவானி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே வெயிலில் பார்வையாளர்கள் சாப்பாட்டுக் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அவளுக்குப் பசியில்லை. வாயெல்லாம் இரும்பாகக் கசந்தது.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு இளவரசு வழக்கம்போல் வரவில்லை. பதினொன்றுக்குப் போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்ததும் அவன் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கீச்கீச்சென்று. ஒருநாள் வயசுக் குஞ்சுகள். ஒன்பது வருஷமாகக் கேட்ட சத்தம்.

“எறக்கிட்டாங்களா?” என்றாள்.

“காலையில எறக்குனாங்க. ரெண்டாயிரம். ராபர்ட்டுதான் பேசி வாங்கிக் குடுத்தான். உங்கிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன்…”

“சரி.”

“நீ சரின்னு சொல்லுவியோ மாட்டியோன்னு…”

“சரின்னுதான் சொல்றேன் மாமா. வேற என்னா பண்ணுவ நீ.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. பல்பு எல்லாம் எரிகிறதா, காகிதம் விரித்தாயா என்று கேட்டாள். எரிகிறது, விரித்தேன் என்றான்.

“தண்ணில கலந்துட்டியா?”

“ம்.”

“எதால கலக்குன?”

“கையாலதான்,” என்றான். நர்ஸ் அடுத்த பாட்டிலை மாட்டுவதற்காகப் பவானியின் கையை நீட்டச் சொன்னாள். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு நீட்டினாள்.

“போயி சோப்பு போட்டுக் கழுவு,” என்றாள். “முழங்கை வரைக்கும் கழுவு. கழுவிட்டு அப்பறமா சாப்புடு.”

“சரி,” என்றான்.

“நெஜமா கழுவு மாமா.”

“கழுவறேன் பவானி. மத்தியானம் வரேன்.”

போன் வைத்துவிட்டான். ஊசி மருந்து சொட்டுச்சொட்டாக இறங்கத் தொடங்கியது. பவானி கண்ணை மூடிக்கொண்டாள்.